மழை விட்டும் யாரும் இறங்கவில்லை

போன ஞாயிறு சாப்பாட்டு மேசையில் மூடிக்கொண்ட வாயை அம்மாவும் மகளும் இந்த ஞாயிறு விடிந்த பிறகும் திறக்கவில்லை.

விஷயம் இதுதான். மகளுக்குப் பதின்மூன்று வயது. பந்து எந்தப் பக்கம் வந்தாலும் பாய்ந்து பிடிப்பாள் என்பதால் அணியில் அவளுக்குப் ‘பூனை’ என்று பெயர். வீட்டிலும் அதுவே ஒட்டிக்கொண்டது. பையன்களும் பெண்களும் சேர்ந்து ஆடும் வட்டாரக் கால்பந்து அணிக்கு அவளைக் கோல்கீப்பராக எடுத்திருந்தார்கள். ஆட்டமெல்லாம் ஞாயிற்றுக்கிழமை காலையில். அம்மாவோ தேவாலயத்தில் ஞாயிறு பள்ளி நடத்துபவள். வாரம் முழுக்க மூக்குக் கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்த்தாலும், தெருவில் எல்லோருக்கும் அவள் ‘டீச்சர்’தான்.

“டீச்சர் பொண்ணே வரலைன்னா மத்த பிள்ளைங்களை நான் எந்த முகத்தோட கூப்பிடுறது?” என்று அவள் கேட்டாள்.

“நீ கூப்பிட்டாலும் அவங்க வரப்போறதில்லம்மா. எல்லாரும் என்கூட கிரவுண்டுலதான் இருக்காங்க” என்றாள் பூனை.

அதில் இருந்த உண்மைதான் டீச்சரைச் சுட்டது. அன்றிலிருந்து வீட்டில் பேச்சு வார்த்தை இல்லை. நடுவில் மாட்டிக்கொண்டவர் பூனையின் அப்பா. ஒரு கம்பெனியின் வாடகை பஸ்ஸை ஓட்டுகிறவர். மகளிடம் “நீ போய் விளையாடு” என்று சொன்ன கையோடு மனைவியின் முகத்தைப் பார்த்தார். உடனே வாளியைத் தூக்கிக்கொண்டு பஸ் கழுவப் போய்விட்டார். ஏற்கெனவே கழுவிய பஸ்.

இது போதாதென்று டீச்சரின் மாமனார் வேறு. முப்பது வருஷம் அதே ஞாயிறு பள்ளியை நடத்தியவர். இப்போது சபைக் கமிட்டியின் செயலாளர். வகுப்பறையைக் குழந்தைகள் காப்பகம் ஒன்றுக்கு வாடகைக்கு விடலாம் என்று கமிட்டியில் பேச்சு. முடிவெடுக்கும் கூட்டம் இன்று மாலை. காலையில் மருமகள் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டே அவர் சொன்னார்:

“பிள்ளைங்க வந்தா நானே அந்த அறைக்காகச் சண்டை போடுவேம்மா. வராத பிள்ளைங்களுக்கு நாற்காலி எதுக்கு?”

டீச்சர் டம்ளரைக் கழுவி வைத்தாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

வகுப்பறையில் மூன்று பேர் இருந்தார்கள். எப்போதும் ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொள்ளும் இரட்டைப் பையன்கள், அப்புறம் ‘கேள்விக்காரி’ என்று எல்லோரும் செல்லமாகக் கூப்பிடும் ஒன்பது வயதுப் பெண். மீதி நாற்காலிகள் சுவரோரம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. பக்கத்துத் தேவாலயக் கூடத்தில் பெரியவர்களின் ஆராதனை தொடங்கி, ஆர்கன் சத்தம் சுவர் வழியாக வந்துகொண்டிருந்தது.

டீச்சர் இந்த வார வசனத்தைக் கரும்பலகையில் எழுதினாள். மூன்று பேரையும் சேர்ந்து சொல்லச் சொன்னாள். சொன்னார்கள். ஒரு பொட்டுத் தப்புகூட இல்லை.

“டீச்சர், மத்தவங்கல்லாம் எங்க?” என்றாள் கேள்விக்காரி.

“கிரவுண்டுல.”

“அங்க எத்தனை பேர் இருப்பாங்க?”

“நிறைய.”

“அப்ப நாம ஏன் இங்க இருக்கோம்?”

டீச்சர் வாயைத் திறந்தாள். ‘ஏனென்றால் இதுதான் வகுப்பறை’ என்று சொல்லியிருக்கலாம். அதைச் சொல்லத்தான் நாக்கைப் புரட்டினாள். ஆனால் அந்தப் பதில் அவளுக்கே சப்பென்று இருந்தது.

கையிலிருந்த சாக்பீஸைக் கீழே வைத்தாள். கூடத்தின் பின்வாசல் வழியாக எட்டிப் பார்த்து, பிள்ளைகளின் அம்மாக்கள் இருவரையும் சைகை காட்டி வெளியே அழைத்தாள்.

“இவங்களைக் கிரவுண்டுக்குக் கூட்டிட்டுப் போகட்டுமா?”

இரட்டையரின் அம்மா ஆராதனைப் பாட்டுப் புத்தகத்தை அந்தக் கணமே மூடினாள். “நாங்களும் வரோம் டீச்சர். எங்க பெரியவன் அங்கதான் ஆடுறான். போன வாரமும் பார்க்கல, அதுக்கு முந்தின வாரமும் பார்க்கல. வீட்டுல என்கூட முகம் குடுத்துப் பேச மாட்டேங்குறான்.”

“உங்க வீட்டுலயுமா?” என்றாள் டீச்சர்.

மைதானம் பாலத்தைத் தாண்டியதும் வலப்பக்கம். போகும்போதே வானம் ஒரு மாதிரி இருட்டிக்கொண்டு வந்தது. யாரும் கவனிக்கவில்லை.

ஆடுகளக் கோட்டுக்கு வெளியே அப்பா அம்மாக்கள் மடக்கு நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். பாதிப் பேர் கொட்டாவி விட்டுக்கொண்டும் பாதிப் பேர் போனைப் பார்த்துக்கொண்டும் இருந்தார்கள். டீச்சரைப் பார்த்ததும் சிலர் முகத்தைத் திருப்பினார்கள். சிலர் மாட்டிக்கொண்ட திருடர்கள் மாதிரி சிரித்தார்கள். எல்லாம் சபைக்காரர்கள்.

“தப்பா நினைக்காதீங்க டீச்சர்” என்றாள் ஒருத்தி, கேட்காமலே. மருத்துவமனையில் நர்ஸ். “ஒரு ஞாயிறு இவன் அவங்க அப்பா வீட்டுல இருப்பான். ஒரு ஞாயிறு எனக்கு டியூட்டி. மிச்சம் இருக்கிற ஞாயிறு இந்த மேட்ச். எதை விடுறது சொல்லுங்க.”

டீச்சருக்கு இது புதிதாக இருந்தது. வராதவர்களுக்கு ஆர்வம் இல்லை என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமையே கிடைக்காதவர்கள் இருப்பார்கள் என்று தோன்றியதில்லை.

வேலியோரமாக ஒரு நீல பஸ் நின்றது. எதிரணிப் பிள்ளைகளை ஏற்றி வந்த வண்டி. ஸ்டியரிங்குக்குப் பின்னால் ரொட்டி தின்றுகொண்டிருந்தவர் டீச்சரின் கணவர். மனைவியைக் கண்டதும் ரொட்டி தொண்டையில் நின்றது.

“நான் ஒண்ணும் சொல்லலையே” என்றார் ஜன்னல் வழியாக.

“நானும் ஒண்ணும் கேக்கலையே” என்றாள் அவள்.

அதற்குள் பூனை பார்த்துவிட்டாள். பந்து மறுகோடியில் இருந்ததால் கோல் கம்பத்தை விட்டு வேலி வரைக்கும் ஓடி வந்தாள். முழங்கால் வரைக்கும் சேறு. ஒரு வாரத்துக்குப் பிறகு அம்மாவிடம் அவள் பேசிய முதல் வார்த்தை இது:

“அம்மா, தயவுசெஞ்சு இங்க பாட்டு மட்டும் பாடிடாத.”

“பாடல. போய் ஆடு.”

பூனை திரும்பி ஓடினாள். அந்த ஓட்டத்தில் கவனம் சிதறியதோ என்னவோ, அடுத்த நிமிஷமே எதிரணிப் பெண் ஒருத்தி ஓரத்திலிருந்து அடித்த பந்து அவள் விரல் நுனியை உரசிக்கொண்டு வலைக்குள் போனது. பூனை புல்லில் குப்புறக் கிடந்தாள். எழுந்திருக்க நேரமானது.

அப்போதுதான் வானம் கிழிந்தது மாதிரி ஒரு இடி.

பயிற்சியாளர் விசிலை விடாமல் ஊதினார். “மரத்தடிக்கு யாரும் போகாதீங்க. தகரக் கொட்டாய்க்கும் வேணாம்.” அப்புறம் எங்கே போவது என்று அவருக்கே தெரியவில்லை. மழை சடசடவென்று கொட்டத் தொடங்கியது.

பஸ் கதவு புஸ்ஸென்று திறந்தது.

“ஏறுங்க, எல்லாரும் ஏறுங்க. எந்த டீம்னு பார்க்காதீங்க” என்று கத்தினார் டீச்சரின் கணவர். சேற்றுக் கால்கள் ஒவ்வொன்றாகப் படியேறின. அவர் தன் சீட் துணிகளை ஒருமுறை பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

இரண்டு அணியும், அவர்களுடைய அப்பா அம்மாக்களும், டீச்சரும், அவள் கூட்டி வந்த மூன்று பேரும் உள்ளே அடைந்துகொண்டார்கள். கண்ணாடியெல்லாம் ஆவி படிந்து வெள்ளையாகிவிட்டது. நடுவில் சண்டை ஆரம்பித்தது. அந்தக் கோல் செல்லாது என்று ஒரு பக்கம், செல்லும் என்று ஒரு பக்கம். யாரோ யாரையோ தள்ள, ஒரு தண்ணீர் பாட்டில் பறந்து கூரையில் மோதியது.

“டீச்சர், உங்களுக்குத்தான் பிள்ளைங்களை மேய்ச்சுப் பழக்கம். ஏதாவது பண்ணுங்களேன்” என்றார் பயிற்சியாளர்.

சுற்றுலாக் கூட்டங்களுக்கு வழி சொல்ல பஸ்ஸில் ஒரு மைக் இருக்கும். கணவர் அதைக் கழற்றி மனைவியின் கையில் வைத்தார்.

டீச்சர் மைக்கைத் தட்டிப் பார்த்தாள். கடைசி ஜன்னலோரம் பூனை உட்கார்ந்திருந்தாள். முகம் வெளியே திரும்பியிருந்தது.

“எல்லாருக்கும் வணக்கம். மழை விடுற வரைக்கும் ஒரு கதை சொல்லட்டுமா? எங்க வேதத்துல இருக்கிற கதை. அதை மறைச்சுச் சொல்ல மாட்டேன்.”

தொப்பி போட்ட ஒருவர் எழுந்தார். எதிரணிப் பையன் ஒருவனின் அப்பா. “மேடம், நாங்க ஃபுட்பாலுக்கு வந்தோம். சர்ச்சுக்கு வரல. என் பையனுக்கு இதெல்லாம் வேணாம்.”

இந்த மாதிரி ஒரு மறுப்பு ஞாயிறு பள்ளி அறைக்குள் எழுந்ததே இல்லை. அங்கே வருகிறவர்கள் எல்லாம் ஏற்கெனவே தலையாட்டி வந்தவர்கள்.

“நீங்க சொல்றது நியாயம் சார்” என்றாள் டீச்சர். “உங்க பிள்ளை, உங்க முடிவு. நான் மைக் இல்லாமலே சொல்றேன். முன்னாடி இருக்கிறவங்களுக்குக் கேட்டா போதும். யாருக்கு வேணாமோ அவங்க பின்னாடி உட்காரலாம்.”

மைக்கைக் கணவரிடமே திருப்பிக் கொடுத்தாள். தொப்பிக்காரர் மகனைக் கூட்டிக்கொண்டு பின்சீட்டுக்குப் போய், போனில் ஒரு விளையாட்டைச் சத்தமாகத் திறந்து கொடுத்தார். டப் டப்பென்று அது அடித்துக்கொண்டிருந்தது.

டீச்சர் வழக்கமாகச் செய்வதுபோல ஆரம்பிக்கவில்லை. வசனம் இல்லை. அட்டைப் படமும் இல்லை. ஜன்னலைக் காட்டினாள்.

“இதே மாதிரி மழை. ஆனா பஸ் இல்ல, படகு. பெரிய ஏரிக்கு நடுவுல. படகுல இருந்தவங்க பாதிப் பேர் மீன் பிடிக்கிறவங்க, தண்ணியிலயே வளர்ந்தவங்க. அவங்களே கதிகலங்கிப் போற மாதிரி காத்து. உள்ள தண்ணி ஏறுது. அள்ளி அள்ளி ஊத்துறாங்க. அப்ப அவங்க தலைவர் என்ன பண்ணிட்டிருந்தார் தெரியுமா? பின்னாடி தலையணை வச்சுத் தூங்கிட்டிருந்தார்.”

“எங்க அப்பா மாதிரி” என்றான் இரட்டையரில் ஒருவன். பஸ்ஸே சிரித்தது.

“எப்படிங்க தூக்கம் வரும்?” என்றாள் எதிரணிப் பெண், கோல் அடித்தவள்.

“அதைத்தான் அவங்களும் கேட்டாங்க. கேட்ட தொனி வேற. ‘நாங்க சாகப்போறோம், உங்களுக்கு அக்கறையே இல்லையா’ன்னு அவர்மேல கோவப்பட்டாங்க.”

“அவர்கிட்டயே கோவப்படலாமா?” இது கேள்விக்காரி.

“அவங்க பட்டாங்க.”

இந்த இடத்தில்தான் பஸ் கதவை யாரோ தட்டினார்கள். கணவர் திறந்தார். குடையை மடக்கிக்கொண்டு, ஒரு பக்கம் முழுக்க நனைந்து, மாமனார் படியேறினார்.

“ஏம்மா, வகுப்பறை பூட்டிக் கிடக்கு. ஆராதனை நடுவுல பிள்ளைங்களைக் கூட்டிட்டு நீ பாட்டுக்கு...”

“ஷ்ஷ்” என்றார்கள் பத்திருபது பிள்ளைகள் ஒரே குரலில்.

முப்பது வருஷமாக மற்றவர்களைப் பார்த்து ‘ஷ்ஷ்’ சொன்ன மனிதர். அப்படியே முன்சீட்டில் உட்கார்ந்துவிட்டார்.

டீச்சர் கதையின் முடிவுக்குத் தாவி, பாடம் சொல்லி முடித்துவிடலாமா என்று ஒரு கணம் பார்த்தாள். அப்புறம் வேறு ஒன்று செய்தாள்.

“முடிவை அப்புறம் சொல்றேன். முதல்ல நீங்க சொல்லுங்க. உங்களுக்குப் பயம் வந்தது எப்போ?”

முதலில் கிண்டல் பதில்கள் வந்தன. பல் டாக்டர், கணக்கு சார், கரப்பான் பூச்சி. அப்புறம் ஒரு பையன், மின்தூக்கியில் தனியாக மாட்டிக்கொண்டதைச் சொன்னான். இன்னொருத்தி, “எங்க அப்பாவுக்கு வேலை போயிடுச்சு. அவர் வீட்டுல சும்மா உட்கார்ந்திருந்தா பயமா இருக்கு” என்றாள். அவளுடைய அம்மா பக்கத்திலேயே இருந்தாள். மகளின் ஈரத் தலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

கடைசி ஜன்னலிலிருந்து ஒரு குரல் வந்தது.

“பந்து வர்றப்போ எனக்குப் பயமில்ல” என்றாள் பூனை. முகத்தைத் திருப்பவே இல்லை. “கோல் விழுந்த அப்புறம் எல்லாரும் திரும்பி என்னைப் பார்ப்பாங்கல்ல. அதுதான் பயம். அம்மா வந்து நின்னதும் இன்னும் அதிகமாச்சு.”

கோல் அடித்த பெண் சீட்டைத் தாண்டி எட்டிப் பார்த்தாள். “நீ தொட்டுட்ட. உன் இடத்துல எங்க கீப்பர்னா பக்கத்துலகூட போயிருக்க மாட்டா.”

“ஏய்” என்றது இன்னொரு சீட்டிலிருந்து எதிரணிக் கோல்கீப்பரின் குரல். மறுபடி சிரிப்பு. பூனையும் சிரித்தாள்.

கேள்விக்காரி விடுவதாக இல்லை. முன்சீட்டுப் பக்கம் திரும்பினாள்.

“தாத்தா, நீங்க பயந்திருக்கீங்களா?”

மாமனார் குடையின் பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். டீச்சர் நடுவில் புகுந்து அவரைக் காப்பாற்ற நினைத்தாள். அதற்குள் அவரே பேசிவிட்டார்.

“பயந்திருக்கேன். என் சம்சாரத்துக்கு ஆபரேஷன் நடந்தப்போ. நான் எத்தனையோ பிள்ளைங்களுக்கு வசனம் மனப்பாடம் பண்ண வச்சவன். தப்பில்லாம சொல்ற பிள்ளைக்குப் பரிசு குடுத்தவன். அன்னைக்கு அந்த வராண்டாவுல எனக்கு ஒரு வசனமும் வாயில வரல. ஒண்ணுகூட.”

“அப்புறம் என்ன பண்ணீங்க?”

“உங்க டீச்சர் டீ வாங்கிட்டு வந்து பக்கத்துல உட்கார்ந்தாங்க. ஒண்ணும் பேசல. அதுக்கப்புறம்தான் எனக்கு மூச்சு வந்துச்சு.”

டீச்சருக்கு அந்த டீ ஞாபகம் இருந்தது. சர்க்கரை பத்தவில்லை என்று மாமா குறை சொன்னார். அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

“அத்தைக்கு ஒண்ணும் ஆகலையே?” என்றாள் நர்ஸ், தொழில் பழக்கத்தில்.

“நல்லா இருக்கா. என்னைத் திட்டுற அளவுக்கு நல்லா இருக்கா.”

பின்சீட்டில் டப் டப் சத்தம் எப்போது நின்றது என்று யாருக்கும் தெரியாது. அந்தப் பையன் நடுவழியில் வந்து தரையில் உட்கார்ந்திருந்தான். தொப்பிக்காரர் அவனைக் கூப்பிடவில்லை. கையில் போன் அணைந்திருந்தது.

வெளியே மழை நின்றுவிட்டது. பயிற்சியாளர் இறங்கி மைதானத்தைப் பார்த்தார். கோல் கம்பத்துக்கு முன்னால் குளம் கட்டியிருந்தது. “இன்னைக்கு முடியாது. அடுத்த ஞாயிறு மறுபடி முதல்ல இருந்து ஆடலாம்” என்று படியில் நின்று அறிவித்தார்.

யாரும் இறங்கவில்லை.

“மேடம், அந்தப் படகு என்னாச்சு?” என்றார் தொப்பிக்காரர், எங்கேயோ பார்த்துக்கொண்டு.

டீச்சர் சொன்னாள். படகில் தூங்கிய தலைவர் எழுந்ததை, காற்றைப் பார்த்து அமைதியாக இரு என்றதை, ஏரி கண்ணாடி மாதிரி ஆனதைச் சொன்னாள். பாடம் எதுவும் எடுக்கவில்லை. கேள்விக்காரி மட்டும், “அவர் தூங்கிட்டிருந்தாலும் அதே படகுலதான் இருந்தார், இல்ல டீச்சர்?” என்றாள். இத்தனை வருஷம் சொல்லிக்கொடுத்த கதையில் டீச்சருக்கே அது இதுவரை தோன்றியதில்லை.

இறங்கும்போது அம்மாக்கள் சூழ்ந்துகொண்டார்கள். அடுத்த வாரமும் வருவீர்களா, ஆட்டத்துக்கு முன்னாலா பின்னாலா, நாங்களும் உட்காரலாமா, என் தங்கை பிள்ளைகளைக் கூட்டி வரலாமா. டீச்சர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். காலில் செருப்பு இல்லை என்பதையே அப்போதுதான் கவனித்தாள். அது பஸ்ஸுக்குள் எங்கோ சேற்றில் கிடந்தது.

மாமனார் காரில் ஏறப்போகும்போது சொன்னார்: “சாயந்தரம் கமிட்டிக்கு நீ வா.”

“நான் உறுப்பினர் இல்லையே மாமா.”

“நான் செயலாளர். கூப்பிடுறேன்.”

கமிட்டி அறையில் நீள மேசையைச் சுற்றி எட்டுப் பேரும், நடுவில் போதகரும் இருந்தார்கள். டீச்சர் நின்றுகொண்டே பேசினாள். நடந்ததை நடந்தபடி சொன்னாள்.

“அப்ப வகுப்பறை வேணாம்னு சொல்றீங்களா?” என்றார் பொருளாளர்.

“அறையைக் குடுங்க சார். குட்டிப் பிள்ளைங்க வந்து அங்க தூங்கட்டும். எனக்கு ஞாயிற்றுக்கிழமை கிரவுண்டுக்குப் போக அனுமதி மட்டும் வேணும்.”

“அது ஞாயிறு பள்ளியா? பரீட்சை உண்டா? வேற மதத்துப் பிள்ளைங்களும் இருக்காங்க, நாளைக்கு யாராவது பிரச்சினை பண்ணா?”

“அவங்க அப்பா அம்மாவும் கூடவே இருப்பாங்க. வேணாம்னா வேணாம். வற்புறுத்த மாட்டேன்.”

மாமனார் தொண்டையைச் செருமினார். “நம்ம காலத்துல பெத்தவங்க பிள்ளைங்களை வாசல்ல விட்டுட்டுப் போயிடுவாங்க. நாம கதவைச் சாத்திட்டுச் சொல்லிக்குடுப்போம். இன்னைக்கு அப்பா அம்மா பிள்ளை எல்லாரையும் ஒரே இடத்துல பார்த்தேன். எனக்கு அது பழகல. பிடிச்சிருந்ததான்னு கேட்டா, இன்னும் யோசிச்சிட்டிருக்கேன். ஆனா நிறுத்தச் சொல்லி என் கை உயராது.”

பொருளாளர் அதற்குள் தன் போனைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். “இது நம்ம டீச்சர்தானே?”

போன் மேசையைச் சுற்றி வந்தது. நீல பஸ்ஸுக்குள், ஆவி படிந்த கண்ணாடிகளுக்கு நடுவில், கைகளை விரித்துக்கொண்டு டீச்சர் நிற்கிறாள். சுற்றிலும் சேறு பூசிய முகங்கள், எல்லாம் அவளையே பார்க்கின்றன. ஊர் முழுக்கப் பகிர்ந்துகொண்டிருந்தார்கள். போதகர் படத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு கை தூக்கச் சொன்னார். இரண்டு பேரைத் தவிர எல்லோரும் தூக்கினார்கள்.

டீச்சர் வீட்டுக்கு நடந்து வரவில்லை, பறந்துதான் வந்தாள் என்று சொல்ல வேண்டும்.

சமையலறையில் கணவர் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். சாப்பிடவில்லை.

“ஏங்க, அனுமதி கிடைச்சிடுச்சு. மாமாவே நம்ம பக்கம் பேசினார்.”

“நல்லதும்மா” என்றார். சிரிக்க முயன்றார்.

“என்னாச்சு?”

கணவர் அறைக் கதவைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். “கம்பெனியில இருந்து கூப்பிட்டாங்க. வண்டிக்குள்ள வெளி ஆளுங்களை ஏத்தினது, கூட்டம் நடத்தினது, எல்லாம் போட்டோவுல தெளிவா இருக்காம். நாளைக்குக் காலைல சாவியைத் திருப்பிக் குடுத்துட்டுப் போகச் சொல்லிட்டாங்க.”

“மழையில பிள்ளைங்களை நிக்க விடச் சொல்றாங்களா? அந்தப் போட்டோவை யாருங்க போட்டது?”

கணவர் தன் போனை அவள் பக்கம் நகர்த்தினார். படத்துக்குக் கீழே இரண்டே வார்த்தைகள் இருந்தன. எங்க அம்மா.

அவள் அதை மறுபடி படித்தாள். கண் கலங்கியதில் எழுத்து மங்கியது.

“அவகிட்ட இப்ப சொல்லாத” என்றார் கணவர்.

அறைக் கதவு படாரென்று திறந்தது. பூனை போனை நீட்டிக்கொண்டே ஓடி வந்தாள். முகமெல்லாம் பல்.

“அம்மா, இதப் பாரேன். பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற டீம்கூட வரணுமாம். அடுத்த ஞாயிறும் அப்பா பஸ்லதானான்னு கேக்குறாங்க. ஆமான்னு போடட்டுமா?”